சுற்றாமலே தேயும் பேரிங்

1937இல் ஜே. ஓ. ஆல்மென் என்ற பொறியாளர் ஒரு விசித்திரமான சேதத்தைப் பற்றி எழுதினார். இன்னும் யாரும் ஓட்டாத புத்தம்புதுக் கார்களின் சக்கர பேரிங்குகள் கெட்டுப்போயிருந்தன. தொலைவுக்கு அனுப்பப்பட்ட கார்களில் சேதம் அதிகம். எந்தப் பருவத்தில் அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தும் அது கூடியது, குறைந்தது. வண்டி வழியெல்லாம் அதிர்ந்துகொண்டே போயிருக்கிறது, ஆனால் சக்கரம் சுற்றவில்லை. பேரிங்குக்குள் இருந்த குண்டுகள் உட்கார்ந்த இடத்திலேயே மயிரிழை அளவு முன்னும் பின்னும் ஆடியிருக்கின்றன. அந்த ஆட்டத்தில் கிரீஸ் ஓரமாக ஒதுங்கிவிட்டது. பிறகு இரும்போடு இரும்பு உரசி, ஒவ்வொரு குண்டுக்கும் அடியில் ஒரு குழி.

இந்தச் சேதத்துக்கு ஃபால்ஸ் பிரினெலிங் என்று பெயர். இரும்பில் குண்டை அழுத்தி, விழும் குழியை வைத்துக் கடினத்தை அளக்கும் முறையை 1900இல் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல். பார்வைக்கு அவருடைய குழி மாதிரியே இருக்கும், ஆனால் அழுத்தத்தில் விழுந்தது அல்ல. அதனால்தான் முன்னால் அந்த ‘ஃபால்ஸ்’.

பின்பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த மலைச் சைக்கிளை வாங்கியவருக்கு இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள், பின்பகுதி திரும்பும் மூட்டான பிவட்டின் பேரிங்குக்கு வருவது பெரும்பாலும் இந்த நோயும், கூடவே துருவும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. பின்சக்கரம் 140 மில்லிமீட்டர் மேலே எழும் ஒரு சைக்கிள். பெடல் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் முதன்மைப் பிவட்டிலிருந்து பின் அச்சு வரை ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். சக்கரம் அடிமட்டம் முதல் உச்சிவரை போனாலும் அந்தப் பிவட் திரும்புவது சுமார் 18 டிகிரி. அதுவும் பெரிய பள்ளத்தில் குதித்து இறங்கினால்தான். சாதாரணக் கல்லிலும் வேரிலும் நாலைந்து டிகிரிகூட இருக்காது. பன்னிரண்டு குண்டு உள்ள ஒரு பேரிங்கில் குண்டுக்குக் குண்டு இடைவெளி 30 டிகிரி. ஆக, ஒரு குண்டு தன் ஆயுள் முழுக்கப் பக்கத்துக் குண்டின் இடத்தைத் தொடுவதே இல்லை. சுற்றுவதற்கென்று பிறந்த ஒரு பொருளை, தலையாட்டும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சக்கர ஹப்பில் இருக்கும் பேரிங் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் சுற்றி, கிரீஸைத் தன் உடம்பெங்கும் பூசிக்கொண்டே இருக்கும். பிவட் பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

இத்தனை பிவட்டுகள் சைக்கிளுக்குள் வந்த கதையில் மோட்டார்சைக்கிள் பந்தயக்காரர்கள் இருக்கிறார்கள். 1969இல் அமெரிக்க கிராண்ட் நேஷனல் சாம்பியனான மெர்ட் லாவில், 1990களின் தொடக்கத்தில் கேரி ஃபிஷர் நிறுவனத்துக்காக ஆர்எஸ்-1 என்ற சைக்கிளை வடிவமைத்தார். முன்னும் பின்னும் சஸ்பென்ஷனோடு கடைக்கு வந்த ஆரம்பகால மலைச் சைக்கிள்களில் அது ஒன்று. அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் லகூனா பீச்சில் ஹோர்ஸ்ட் லைட்னர் என்ற ஆஸ்திரியர் வேலை செய்துகொண்டிருந்தார். ஏடிகே மோட்டார்சைக்கிளைத் தொடங்கியவர் அவர். செயின் இழுக்கும்போது சஸ்பென்ஷன் இறுகிவிடுகிறதே என்பது மோட்டார்சைக்கிளிலேயே அவரைப் பிடித்துக்கொண்ட கவலை.

லைட்னரின் யோசனை சின்னது. பின் அச்சுக்குச் சற்று முன்னால், செயின்ஸ்டே என்ற கீழ்க்குழாயின் முனையில் ஒரு பிவட் வைத்தார். அதனால் அச்சு செயின்ஸ்டேயோடு நேராகக் கட்டப்பட்டிருக்காமல், மேலேயிருந்து இறங்கும் குழாயான சீட்ஸ்டேயோடு சேர்ந்து மிதக்கிறது. பிரேக் பிடித்தாலும் சஸ்பென்ஷன் வேலையை நிறுத்துவதில்லை. அதே பிவட்டை அச்சுக்கு மேலே, சீட்ஸ்டேயில் வைத்தால் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் சக்கரம் ஒற்றைப் பிவட்டைச் சுற்றித்தான் வட்டம் போடும். சில சென்டிமீட்டர் இடமாற்றம், அதற்குள் ஒரு வியாபாரம். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1998இல் லைட்னரின் காப்புரிமைகளை வாங்கிக்கொண்டது. 2013இல் அவை காலாவதியாகும்வரை, அமெரிக்காவில் ‘ஹோர்ஸ்ட் லிங்க்’ வைத்துச் சைக்கிள் விற்க விரும்பியவர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். அப்படி வேறு வழி தேடியவர்களால் இன்று நமக்கு எத்தனையோ வகை லிங்கேஜ்கள். சான்டா குரூஸின் விபிபி, டேவ் வீகிளின் டிடபிள்யூ-லிங்க், அச்சின் மேலேயே பிவட்டை உட்காரவைத்த ட்ரெக்கின் ஏபிபி. லைட்னரின் ஏஎம்பி ரிசர்ச் என்ற பெயரை இன்று அமெரிக்க டிரக் ஓட்டிகள்தான் அதிகம் அறிவார்கள். கதவைத் திறந்தால் தானே இறங்கிவரும் மின்படிக்கு அந்தப் பெயர்தான். அதுவும் லிங்கேஜ்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை காப்புரிமைகளுக்கும் நடுவில் உண்மையில் தேய்கிற பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது. பேரிங்கின் ரப்பர் மூடியில் ஒரு எண் இருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். 6900 என்றால் 10, 22, 6. 6802 என்றால் 15, 24, 5. கடைசி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றிருந்தால் தகர மூடி, சேற்றில் ஓடும் சைக்கிளுக்கு அது ஆகாது. ஸ்கேட்போர்டில் இருக்கும் 608கூடச் சில லிங்குகளில் உண்டு. நிறுவனத்தின் பெயர் அச்சடித்த பொட்டலத்தில் வாங்கினாலும், பேரிங் கடையில் எண்ணைச் சொல்லி வாங்கினாலும் அளவு ஒன்றுதான்.

அளவு ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது ஒன்றல்ல. கடையில் சும்மா 6902 கேட்டால் கிடைப்பது கூண்டு வைத்த பேரிங். குண்டுகளை இடைவெளிவிட்டுப் பிடித்திருக்கும் அந்தக் கூண்டு வேகமாகச் சுற்றுகிற வேலைக்குத்தான் அவசியம். பிவட்டுக்கு வேகம் கிடையாது, சுமை மட்டும்தான். அதனால் கூண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் குண்டுகளையே நெருக்கமாக அடுக்கிய பேரிங்குகள் வந்தன. என்டூரோ நிறுவனம் இவற்றை ‘மேக்ஸ்’ என்ற பெயரில் விற்கிறது. குண்டு அதிகம் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் விழும் சுமை குறைவு. இன்னொரு கவனம்: சில லிங்குகளில் உள் வளையம் வெளி வளையத்தைவிட ஒரு பக்கம் நீண்டிருக்கும். நடுவில் வாஷர் வைக்காமல் இருக்க அப்படிச் செய்திருப்பார்கள். எண்ணை மட்டும் பார்த்துச் சாதாரண பேரிங்கை வாங்கிப் போட்டால் லிங்க் ஃபிரேமோடு உரசும். பழையதைக் கழற்றி, வெர்னியர் வைத்து அளந்து, பிறகு காசைக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துரு பிடிப்பது குறையும், உண்மை. ஆனால் வழக்கமான குரோம் ஸ்டீல் அதைவிடக் கடினமானது, சுமை தாங்குவதும் கொஞ்சம் கூடுதல். ஸ்காட்லாந்து மாதிரி வருடமெல்லாம் ஈரமாக இருக்கும் இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு நியாயம் இருக்கிறது. புழுதி மட்டுமே பறக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவில் அது வீண் செலவு.

இனி நோயைக் கண்டுபிடிப்பது. சைக்கிளை நிறுத்தி, சீட்டைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல, மேலே தூக்க வேண்டும். பின்சக்கரம் தரையைவிட்டு எழுவதற்குமுன் ‘டக்’ என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் தெரிந்தால் எங்கோ தேய்மானம் இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. இன்னொருவர் தூக்கிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பிவட்டின் மேலும் விரல் நுனியைப் பாதி லிங்கிலும் பாதி ஃபிரேமிலும் படும்படி வைத்துப் பார்த்தால் ஆட்டம் எந்த மூட்டில் என்று விரலே சொல்லிவிடும். பல நேரம் குற்றவாளி பேரிங்கே அல்ல, ஷாக்கின் கண்ணில் இருக்கும் புஷ். ஷாக்கின் ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர், சக்கரத்தின் பயணம் 140 என்றால் விகிதம் 2.8. புஷ்ஷில் 0.3 மில்லிமீட்டர் தேய்ந்தால் சக்கரத்தில் அது 0.84ஆகத் தெரியும். ஒரு புஷ்ஷை மாற்றினால் முடிகிற வேலைக்கு மொத்த லிங்கேஜையும் பிரித்துப்போட்டவர்கள் ஏராளம்.

பக்கவாட்டு ஆட்டமும் அப்படித்தான். சக்கரத்தைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ஆடுகிறது, உடனே பிவட் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். முதலில் பின் அச்சு இறுக்கமாக இருக்கிறதா, ஹப் பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை.

ஆட்டமே இல்லாமலும் பேரிங் செத்திருக்கலாம். துருப்பிடித்து இறுகிப்போன பேரிங் ஆடாது, அதனால் வெளியே தெரியாது. அதற்கு ஒரே வழி, ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பகுதியைக் கையால் தூக்கி விடுவது. நல்ல நிலையில் இருந்தால் தன் எடையில் தானே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். பாதியில் நின்றால், கரகரவென்று கைக்குப் பட்டால், பேரிங் மாற்ற வேண்டும். பேரிங் இறுகியிருந்தால் உள் வளையம் நகராது. அப்போது போல்ட்டே உள் வளையத்துக்குள் உரசிச் சுற்றத் தொடங்கும், அல்லது வெளி வளையம் ஃபிரேமுக்குள் சுற்றும். முதலாவதில் போல்ட்டோடு போகும். இரண்டாவதில் ஃபிரேமே போகும். பேரிங் விலைக்கும் ஃபிரேம் விலைக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிக்கும்போது அவசரம் கூடாது. ஆலன் கீ நுழையும் குழிக்குள் காய்ந்த சேறு இருக்கும். அதை ஊசியால் சுரண்டி எடுக்காமல் கீயை வைத்துத் திருகினால், அலுமினிய போல்ட்டின் முகம் வழித்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய போல்ட், வாஷர், கூம்பு வடிவ ஸ்பேசர் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு காகிதத்தில் பரப்பிவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள வாஷர் எந்தப் பக்கத்தது என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

பழைய பேரிங்கை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையின் கடினமான பாதி. பின்னாலிருந்து தட்ட இடமிருந்தால் சரி. பெரும்பாலும் இருக்காது. பேரிங் ஒரு குருட்டுக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். உள்ளே நுழைந்து விரிந்து பிடித்துக்கொள்ளும் புல்லர் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. ஸ்க்ரூடிரைவரைச் சாய்த்துவைத்து ஒரு பக்கமாகத் தட்டுகிற பழக்கம் நம் பட்டறைகளில் மட்டுமல்ல, எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் உண்டு. பேரிங் சாய்ந்து வரும்போது அலுமினியக் குழியின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டே வரும். அடுத்த பேரிங் அந்தக் குழியில் இறுக்கமாக உட்காராது. லிங்கைத் தனியாகக் கழற்ற முடிந்தால் ஹேர் டிரையரால் சூடேற்றலாம். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவதால் பிடி தளரும். கார்பன் ஃபிரேமில் பேரிங் உட்காரும் அலுமினிய உறை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே கேஸ் அடுப்புத் தீயெல்லாம் கொண்டுபோனால் பேரிங்கோடு உறையும் வெளியே வரும்.

எல்லாவற்றிலும் மோசமான நிலை ஒன்று உண்டு. இழுத்ததும் உள் வளையமும் குண்டுகளும் கையோடு வந்துவிடும், துருவேறிய வெளி வளையம் மட்டும் குழிக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொறுமை உள்ளவர்கள் சிறு அரைக்கும் கருவியால் அந்த வளையத்தில் மட்டும், ஃபிரேமைத் தொடாமல், ஒரு பள்ளம் வெட்டிப் பிளந்து எடுப்பார்கள். கை நடுங்குபவர்கள் இந்த இடத்தில் கடைக்குக் கொண்டுபோவது கௌரவக் குறைச்சல் இல்லை.

புதியதைப் போடுமுன் ஒரு வேலை இருக்கிறது, பலர் செய்வதில்லை. பேரிங் செய்பவர்கள் உள்ளே கொஞ்சமாகத்தான் கிரீஸ் வைப்பார்கள். வேகமாகச் சுற்றும் பேரிங்கில் கிரீஸ் நிறைய இருந்தால் சூடேறும் என்பது அவர்கள் கணக்கு. பிவட்டில் சூடேற வழியே இல்லை. அதனால் மெல்லிய ஊசியால் ரப்பர் மூடியை உள் வளையத்தின் ஓரத்திலிருந்து நெம்பி எடுத்து, தண்ணீரில் கரையாத கெட்டிக் கிரீஸை இடைவெளியே இல்லாமல் அடைத்து மூடலாம். ஈரம் நுழைய இடம் இருக்காது, ஒதுங்கிய கிரீஸுக்குப் பதில் வேறு கிரீஸ் பக்கத்திலேயே காத்திருக்கும்.

பேரிங்கை உள்ளே அழுத்த விலையுயர்ந்த ப்ரெஸ் தேவையில்லை. முழுநீளம் மரை போட்ட எம்8 கம்பி ஒன்று, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், பொருத்தமான அளவில் ஒரு சாக்கெட் போதும். 6902க்கு வெளிவிட்டம் 28 என்பதால், 27 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள சாக்கெட் சரியாக வெளி வளையத்தில் மட்டும் உட்காரும். அந்த ‘மட்டும்’ முக்கியம். உள் வளையத்தில் அழுத்தினால் முழு விசையும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போகும். ஓட்டுவதற்குமுன்பே குழி விழுந்துவிடும், அதுவும் இந்த முறை போலியல்ல, அசல் பிரினெல் குழி. பேரிங்கை முன்னிரவே ஃப்ரீஸரில் வைத்து, லிங்கைச் சற்றுச் சூடாக்கினால் பாதி வேலை தானே நடக்கும். நட்டை இறுக்கிக்கொண்டே போகும்போது சட்டென்று கைக்குக் கெட்டியாகும் ஒரு கணம் வரும். பேரிங் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது. அங்கே நிறுத்த வேண்டும்.

குழியில் கிரீஸா, பசையா? பேரிங் நல்ல இறுக்கமாகப் போகிறது என்றால் மெல்லிய கிரீஸ் பூச்சு. அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு சேர்ந்தால் அரிப்பு வரும், அதைக் கிரீஸ் தடுக்கும். குழி கொஞ்சம் தளர்ந்திருந்தால் லாக்டைட் 638 மாதிரி வளையத்தைப் பிடித்துவைக்கும் பசை. கை விரலால் தள்ளினாலே பேரிங் உள்ளே போகிறது என்றாலோ, லிங்கின் குழி முட்டை வடிவமாகியிருந்தாலோ, போல்ட் துளையை ஒட்டி மயிர்க்கோடு மாதிரி விரிசல் தெரிந்தாலோ பசையை நம்பக் கூடாது. லிங்கையே மாற்ற வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது போல்ட்டின் மரையில் நீலநிற லாக்டைட் ஒரு சொட்டு. பேரிங்குக்குள் அது வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் நுழைத்துவிட்டு, பிறகு டார்க் ரென்ச்சை எடுப்பதே முறை. எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது ஒவ்வொரு பிவட்டுக்கும் வேறு. பல நிறுவனங்கள் போல்ட்டின் தலையிலேயே எண்ணைப் பொறித்திருப்பார்கள். நம் ஊரில் ‘டபுள் சஸ்பென்ஷன்’ என்று விற்கும் மலிவு சைக்கிள்களில் பேரிங் கிடையாது, ஒரு புஷ்ஷும் நீண்ட போல்ட்டும்தான். அதைக் குத்துமதிப்பாக இறுக்கிப் பழகிய கை, இங்கேயும் அப்படியே இறுக்கப் பார்க்கும். பேரிங்கில் பக்கவாட்டு அழுத்தம் ஏறிக் கரகரக்கும். பயந்துபோய்த் தளர்த்திவிட்டாலும் ஆபத்துதான். உள் வளையம் போல்ட்டோடு சேர்ந்து நிற்காமல் அதன்மேல் நழுவத் தொடங்கும்.

நிறுவனங்களும் இந்தத் தலைவலியை அறிந்தே இருக்கின்றன. சான்டா குரூஸ் தன் ஃபிரேமை முதலில் வாங்கியவருக்குப் பிவட் பேரிங்குகளை ஆயுள் முழுக்க இலவசமாகவே தருகிறது. அந்தச் சலுகை பெருந்தன்மை மட்டுமல்ல, தேயும் என்ற ஒப்புதலும்தான். யெட்டி 2014இல் ஒரு பிவட்டை இரண்டு சின்னத் தண்டவாளங்களில் வழுக்கும் ஸ்விட்ச் இன்ஃபினிட்டியாக மாற்றியது. அதற்குக் கிரீஸ் துப்பாக்கியோடு அவ்வப்போது சேவகம் செய்ய வேண்டும். கேனன்டேல் 2000களின் தொடக்கத்திலேயே ஸ்கால்பெல் சைக்கிளில் பின் பிவட்டை எடுத்துவிட்டு, கார்பன் கம்பியே வளைந்துகொடுக்கும்படி செய்தது. லைட்னரின் காப்புரிமையை விலைகொடுத்து வாங்கிய ஸ்பெஷலைஸ்டும் 2018 மாடல் எபிக்கிலும் 2021 மாடல் ஸ்டம்ப்ஜம்பரிலும் அதே வழிக்கு வந்து ஹோர்ஸ்ட் பிவட்டையே நீக்கிவிட்டது. பயணம் குறைவான சைக்கிளில் அந்த இடத்தில் திரும்ப வேண்டியது சில டிகிரிதான் என்றால், அதற்கு நான்கு பேரிங் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான்.

லிங்க் மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தபின் சிலருக்கு ஆசையும் வரும். கேஸ்கேட் காம்பொனென்ட்ஸ் போன்ற அமெரிக்கக் கடைசல் நிறுவனங்கள், அசலுக்குப் பதிலாகப் பூட்டும் ராக்கர் லிங்குகளை விற்கின்றன. துளைகளின் இடம் சில மில்லிமீட்டர் மாறியிருக்கும், அதனால் சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் உள்ள விகிதமே வேறாகும். தொடக்கத்தில் மென்மை, முடிவில் கடினம் என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் தரும் வாக்குறுதி. கனமான ஆளுக்கும் உயரத்திலிருந்து குதிப்பவருக்கும் அது பலன் தரும். பூங்காவில் நிதானமாகச் சுற்றுபவருக்கு அது வெறும் நிறம் பூசிய அலுமினியம். வாங்குமுன் ஃபிரேமின் உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டுவிட வேண்டும். பூட்டியபின் பழைய காற்றழுத்தம் செல்லாது, ஆள் உட்காரும்போது ஷாக் அமுங்கும் அளவான சேகைப் புதிதாக அளக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள ஷாக்கில் 30 சதவீதம் என்றால், ஆள் அசையாமல் உட்கார்ந்து இறங்கியபின் ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் 15 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எல்லாப் பிவட் போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். கழுவும்போது அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீரைப் பிவட்டுகள் பக்கம் திருப்பக் கூடாது, ரப்பர் மூடி அதைத் தாங்காது.